'பெர்செர்க்' என்ற சொல்: கரடித்தோல் சட்டையா, கவசமில்லாத வெறும் சட்டையா?

#1 நெய்தல்

வைக்கிங் காலத்தைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். 'பெர்செர்க்' என்ற சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. போர்க்களத்தில் வெறியேறி, கேடயத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டு, ஊளையிட்டபடி பாயும் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) வீரர்கள். சொல்லின் பொருளைத் தேடினால் ஒரு சாரார் 'கரடித்தோல் சட்டைக்காரன்' என்கிறார்கள், இன்னொரு சாரார் 'கவசம் போடாமல் போனவன்' என்கிறார்கள். எதை அடிக்குறிப்பில் போடுவது? காளான் தின்றதால் வந்த வெறி என்றும் கட்டுரையில் இருக்கிறது. அது நிற்குமா? கடைசியாக, தமிழில் இவர்களை எப்படிக் குறிப்பது? ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

#2 வேர்த்தேடல்

முதலில் சண்டை இல்லாத பாதியை முடித்துவிடுவோம். பழைய நார்ஸில் ஒருமை 'பெர்செர்க்ர்', பன்மை 'பெர்செர்கிர்'. பின்பாதியான 'செர்க்ர்' என்றால் சட்டை, உள்ளங்கி. இதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'சார்க்' என்று இன்றும் இருக்கிறது. லண்டன் கிரீனிச்சில் நிற்கும் 'கட்டி சார்க்' கப்பலின் (1869) பெயருக்குக் 'குட்டைச் சட்டை' என்று பொருள், அதே சொல்தான்.

சிக்கல் முழுக்க முன்பாதியில். நார்ஸில் 'பெர்' என்று ஒலிக்கக்கூடிய வேர்கள் இரண்டு. ஒன்று கரடியைக் குறிப்பது. மற்றது 'பெர்ர்', அதாவது வெறுமையான, மூடாத. ஆங்கில 'பேர்' (கரடி), 'பேர்' (வெறுமை) இரண்டும் இன்று ஒரே ஒலியில் வந்து நிற்பதைப் போன்ற நிலைதான். ஆனால் தொடக்கத்தில் இரண்டுக்கும் உறவு கிடையாது. 'வெறுமை'யின் மூல ஜெர்மானிய வடிவம் 'பஸஸ்'. லித்துவேனிய மொழியில் வெறுங்காலைக் குறிக்கும் 'பாஸஸ்' அதன் தூரத்து உறவு. நார்ஸில் இடையில் இருந்த ஸகரம் ரகரமாகி, அந்த ரகரம் முன்னால் இருந்த அகரத்தை எகரமாக இழுத்துவிட்டது. அப்படித்தான் 'பெர்ர்' பிறந்தது. கரடி வேரில் தொடக்கத்திலிருந்தே எகரம்தான்.

ஆகவே நார்ஸுக்குள் மட்டும் நின்று பார்த்தால் ஒலி எதையும் தீர்க்காது. பழைய ஆங்கிலத்தில் கரடி 'பெரா', வெறுமை 'பேர்'. இரண்டும் வேறுவேறு உயிர். இந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலோ பழைய ஜெர்மனிலோ ஒரே ஒரு இடத்தில் பதிவாகியிருந்தாலும் வழக்கு முடிந்திருக்கும். பதிவாகவில்லை.

இலக்கண அமைப்பு தமிழ் வாசகருக்குப் பழக்கமானதே. பொற்றொடி வந்தாள் என்றால் தொடி வரவில்லை, அதை அணிந்தவள் வந்தாள். பெர்செர்க்கும் அதேபோல் அன்மொழித்தொகை: சட்டையின் பெயர் ஆளுக்கு ஆகி வந்திருக்கிறது.

#3 ஏட்டுச்சுவடி

நான் 'வெறும் சட்டை' பக்கம். காரணம் ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்நோரி ஸ்டுர்லூசன் (1179–1241). 1230 வாக்கில் அவர் தொகுத்த, நார்வே அரசர்களின் வரலாறான ஹெய்ம்ஸ்கிரிங்லாவின் முதல் பகுதி இங்லிங்கா சாகா (சாகா என்றால் பழைய நார்ஸ் உரைநடைக் கதை). அதன் 6-ஆம் அத்தியாயத்தில் நார்ஸ் கடவுள் ஓடினின் ஆட்களைப் பற்றிச் சொல்வதன் சாரம் இது: அவர்கள் வளையக் கவசம் இல்லாமல் சென்றார்கள், நாய்போலவும் ஓநாய்போலவும் வெறிகொண்டிருந்தார்கள், தங்கள் கேடயங்களைக் கடித்தார்கள், கரடிபோலவும் காளைபோலவும் வலுவாக இருந்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள், நெருப்பும் இரும்பும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை, இதற்குப் பெயர் 'பெர்செர்க்ஸ்கங்ர்'. அதாவது பெர்செர்க் நிலையில் போவது.

பட்டியலில் முதலாவதாக வருவது கவசமின்மை. கரடித்தோல் பேச்சே இல்லை. ஜெர்மானியர் அரைகுறை ஆடையோடு போரிட்டதற்கு அதற்கும் முந்தைய சான்று உண்டு. கி.பி. 98-இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிய ஜெர்மானியாவில், வீரர்கள் வெற்றுடம்போடு அல்லது சிறு போர்வை மட்டும் போட்டுக்கொண்டு சண்டையிட்டார்கள் என்று இருக்கிறது. 1932-இல் எரிக் நோரீன் என்ற ஸ்வீடிய மொழியியலாளர் இந்த வாசிப்பைத் தனிக் கட்டுரையில் நிறுவப் பார்த்தார். 1968-இல் ஹான்ஸ் கூனும் அதே பக்கம் நின்றார்.

#4 வேர்த்தேடல்

ஸ்நோரியின் அந்தப் பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதில் இல்லாத ஒன்றை அதில் படிக்கிறார்கள். 'கவசம் இல்லாமல் போனதால் இந்தப் பெயர்' என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அதே வாக்கியத்தில் 'கரடிபோல் வலுவானவர்கள்' என்றும் இருக்கிறது. முதல் தொடரை எடுத்துக்கொண்டால் வெறும் சட்டை, நான்காவதை எடுத்துக்கொண்டால் கரடி. சொற்பிறப்புச் சான்றாக அந்த வாக்கியம் எந்தப் பக்கமும் சாயாது.

அதைவிடப் பெரிய சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. நார்ஸில் 'பெர்' (வெறுமை) முன்னால் வரும் தொகைகளைப் பாருங்கள். 'பெர்ஃபோய்ட்ர்' என்றால் வெறுங்காலன். 1093 முதல் 1103 வரை ஆண்ட நார்வே அரசர் மாக்னுஸின் பட்டப்பெயர் அது. இந்த வகைத் தொகையில் எந்த உறுப்பைச் சொல்கிறோமோ அந்த உறுப்பு மூடப்படாமல் இருக்கிறது என்றுதான் பொருள். 'கால் இல்லாதவன்' என்று ஆகாது. அதே கணக்கில் 'பெர்+செர்க்ர்' என்றால் சட்டை வெளியே தெரிய நிற்பவன், அதாவது மேலே கவசம் போடாமல் சட்டையோடு நிற்பவன். சட்டையே இல்லாத நிர்வாணி என்று எந்த வழியிலும் வராது.

'கவசம் இல்லாதவன்' என்று நேராகச் சொல்ல வேண்டுமானால் நார்ஸில் தனி விகுதி உண்டு: 'லௌஸ்'. ஸ்நோரியே அதைத்தான் போட்டிருக்கிறார், 'பிரின்யு-லௌசிர்', கவசமற்றவர்கள். ஆகவே 'வெற்றுடம்போடு பாய்ந்தவன்' என்று உங்கள் கட்டுரையில் இருந்தால், நெய்தல், முதலில் அதை அடியுங்கள். இரண்டு வாசிப்பில் எதிலும் அதற்கு இடமில்லை.

#5 ஏட்டுச்சுவடி

இலக்கண வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், 'நிர்வாணம்' போகட்டும். 'சட்டை மட்டும்' என்ற வாசிப்பு அப்படியே நிற்கிறது. கரடிக் கட்சிக்கும் அதேபோல் ஒரு கேள்வி. நார்ஸில் கரடிக்கு வழக்கமான சொல் 'ப்யோர்ன்'. தொகையில் முன்னால் வரும்போது 'ப்யார்ன்' ஆகும். 'ப்யார்ன்ஹெதின்' என்று ஆட்பெயரே இருக்கிறது, கரடித்தோல் அங்கி என்று பொருள். கரடிச் சட்டை என்பது கருத்தானால் 'ப்யார்ன்செர்க்ர்' என்றல்லவா இருக்க வேண்டும்? 'பெர்' எங்கிருந்து வந்தது?

#6 வேர்த்தேடல்

நியாயமான கேள்வி. கரடி வாசிப்புக்கு எதிரான வாதங்களில் வலுவானது இதுதான். பதில் வோலுண்டார்க்விதா என்ற எட்டா பாடலில் (எட்டா: பழைய நார்ஸ் பாடல் தொகுப்பு) இருக்கிறது. வோலுண்ட் என்ற கொல்லன் வேட்டையிலிருந்து திரும்பி வந்து, தோலின்மேல் உட்கார்ந்து தன் வளையங்களை எண்ணுகிறான். அந்தத் தோலுக்கு அங்கே வரும் சொல் 'பெர்ஃப்யால்', கரடித்தோல். அதற்குச் சற்று முன்தான் கரடி இறைச்சியை அவன் வாட்டுகிறான். அதனால் 'வெறுந்தோல்' என்று திருப்பிப் படிக்க வழியே இல்லை. பெண்கரடிக்கு 'பெரா' என்ற சொல்லும் வழக்கில் இருந்தது. ஆக 'பெர்' என்ற பழைய வடிவம் தொகைகளுக்குள் பிழைத்துக் கிடந்திருக்கிறது, அதுவும் தோலோடு சேர்ந்த தொகையிலேயே.

'கரடிச் சட்டை' வாசிப்பை அகராதியில் ஏற்றி நிலைநிறுத்தியவர் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்வெய்ன்ப்யோர்ன் எகில்சன். அவருடைய கவிதைச் சொல்லகராதி 1860-இல் வந்தது. அதற்கு முன் 'வெறும் சட்டை'யே பரவலாக இருந்தது. ஆங்கிலத்தில் சொல்லைப் பரப்பிய வால்டர் ஸ்காட்டும், கவசமில்லாமல் போரிட்டதால் வந்த பெயர் என்றுதான் 1822 நாவலில் விளக்கினார். ஒரு வாசிப்பு பழையது என்பதால் சரியாகிவிடாது; எகில்சன் கையில் ஸ்காட்டைவிட அதிகமான பாடல்கள் இருந்தன.

#7 தேரிமணல்

இரண்டு பேரும் 13-ஆம் நூற்றாண்டு உரைநடையைச் சுற்றியே வருகிறீர்கள். இந்தச் சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் ஒரு பாட்டு. அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

ஹரால்ட்ஸ்க்வைதி. கி.பி. 900 வாக்கில் அரசவைப் புலவர் தோர்ப்யோர்ன் ஹோர்ன்க்ளோஃபி பாடியதாகச் சொல்லப்படுவது. போர்க்கன்னி ஒருத்தியும் காகமும் பேசிக்கொள்வதுபோல் அமைந்தது. நார்வே அரசர் ஹரால்ட் ஹாஃப்ர்ஸ்ஃபியோர்டில் நடத்திய கடற்போரைச் சொல்லும் இடத்தில் இந்த வரிகள் வருகின்றன (என் தமிழாக்கம்):

முழங்கினர் பெர்செர்கிர், மூண்டது போர்,
ஊளையிட்டனர் உல்ஃப்ஹெத்னர், இரும்பு அதிர்ந்தது.

'உல்ஃப்ஹெத்னர்' என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. 'உல்ஃப்' ஓநாய், 'ஹெதின்' தோலால் ஆன அங்கி. ஓநாய்த்தோல் அங்கிக்காரர்கள். அடுத்தடுத்த வரியில், ஒரே அமைப்பில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெயர்கள். ஒன்று 'விலங்கு + உடை' என்று உறுதியாகத் தெரிகிறது. அதன் இணையான மற்றதையும் 'விலங்கு + உடை' என்று படிப்பதுதான் இயல்பு. ஓநாய்த்தோல்காரர்களுக்குப் பக்கத்தில் 'கவசம் போடாதவர்கள்' என்று வந்தால் இணை உடைந்துவிடும்.

பாட்டின் பின்பகுதியில் போர்க்கன்னி பெர்செர்கிரைப் பற்றிக் கேட்கிறாள். காகம், 'உல்ஃப்ஹெத்னர் என்பது அவர்கள் பெயர்' என்று தொடங்கி, போரில் இரத்தக் கறை படிந்த கேடயம் ஏந்துபவர்கள் என்று பதில் சொல்கிறது. பெர்செர்கிரைப் பற்றிய கேள்விக்கு உல்ஃப்ஹெத்னர் என்ற பெயரில் பதில் வருகிறது. புலவருக்கு இரண்டும் ஒரே கூட்டம், அல்லது பிரிக்க முடியாத அளவு நெருங்கிய கூட்டம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அவர்கள் அரசரின் ஆட்கள். கட்டுக்கடங்காத காட்டுக் கூட்டம் என்ற படம் இந்தப் பாட்டில் இல்லை. அரசர் நம்பி முன்னால் நிறுத்துகிற, கேடயங்களை உடைத்துக்கொண்டு நுழைகிற படைப்பிரிவு.

#8 ஏட்டுச்சுவடி

பாட்டு கி.பி. 900 என்றாலும் அது நம் கைக்கு வந்தது 13-ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகள் வழியாகத்தானே? ஸ்நோரி, ஃபாக்ர்ஸ்கின்னா என்று.

#9 தேரிமணல்

ஆம். ஆனால் உரைநடைபோல் அதைத் திருத்துவது எளிதல்ல. வரிக்கு வரி மோனை கட்டிய யாப்பு. அசல் வரியில் 'உல்ஃப்ஹெத்னர்' அடுத்த பாதியின் 'ஈசார்ன்' என்ற சொல்லோடு மோனையில் கட்டப்பட்டிருக்கிறது (நார்ஸில் எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனை கொள்ளும்). 'பெர்செர்கிர்' வரும் வரியில் மோனை ககரத்தில் இருக்கிறது: 'க்ரென்யுது', 'குத்ர்'. சொல்லைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றைச் செருகினால் உல்ஃப்ஹெத்னர் வரியில் மோனை குறைந்து தெரியும். பெர்செர்கிர் வரியில் அந்தப் பூட்டு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பின்பகுதிக் கேள்வியில் அதே சொல் திரும்ப வருகிறதே.

வாட்ன்ஸ்டைலா சாகாவின் 9-ஆம் அத்தியாயம் இதே போரைச் சொல்லும்போது, 'உல்ஃப்ஹெத்னர் என்றழைக்கப்பட்ட பெர்செர்கிர், கவசத்துக்குப் பதில் ஓநாய்த்தோல் அணிந்தார்கள்' என்கிறது. இதைத் தனிச் சான்றாக எண்ணக் கூடாது, அந்த ஆசிரியர் பாட்டைப் படித்துவிட்டு உரை சொல்கிறார் என்றே தோன்றுகிறது. இருந்தாலும் இந்த வரி உங்கள் இரண்டு கட்சியையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறது. தோல் போட்டதால் கவசம் இல்லை. கவசமின்மை ஸ்நோரிக்குத் தெரிந்த செய்தி, தோல் பாட்டுக்குத் தெரிந்த செய்தி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருக்கலாம். பெயர் எதிலிருந்து வந்தது என்பது மட்டுமே கேள்வி.

#10 பனிக்கரை

எழுத்துக்கு வெளியிலும் சான்று இருக்கு. சுவீடன்ர ஓலண்ட் தீவில தோர்ஸ்லுண்டா எண்ட இடத்தில 1870-இல நாலு வெண்கல அச்சு கிடைச்சது. 6–7-ஆம் நூற்றாண்டு, வைக்கிங் காலத்துக்கு முந்தினது. மெல்லிய உலோகத் தகட்டை இந்த அச்சில வைச்சுத் தட்டினா உருவம் பதியும். அந்தத் தகடுகளைத்தான் தலைக்கவசத்தில பதிக்கிறது.

அதில ஒரு அச்சில ரெண்டு பேர். இடப்பக்கம் இளைஞன் ஒருத்தன், கொம்பு வைச்ச தலைக்கவசம், கொம்பு முனையில பறவைத் தலை, கையில ரெண்டு ஈட்டி, ஆடுற மாதிரி நிலை. வலப்பக்கம் நிக்கிறவனுக்குத் தலையிலயிருந்து ஓநாய்த்தோல், முகம் முழுக்க ஓநாய். கால் மனிசக் கால். ஒரு கையில ஈட்டி, மற்றக் கை வாளை உருவுது. 'உல்ஃப்ஹெதின்' எண்ட சொல்லுக்குப் படம் போட்ட மாதிரித்தான் இருக்கு.

ஆனா ஒண்டைச் சொல்லவேணும். அதில உடுத்தியிருக்கிறது ஓநாய்த்தோல், கரடித்தோல் இல்லை. இன்னொரு அச்சில ஒரு மனிசன் ரெண்டு கரடிக்கு நடுவில நிக்கிறான், ஆனா அங்க கரடி கரடியாத்தான் இருக்கு, ஆள் ஆளாத்தான் இருக்கு. இந்தப் படத்தைப் போட்டு 'இதுதான் பெர்செர்க்' எண்டு எழுதுற இடமெல்லாம் ஒரு படி தாண்டித்தான் எழுதுகினம்.

பேரிலயும் இதே பழக்கம் தெரியும். சுவீடன்ர பிலெக்கிங்கேயில இருந்த இஸ்டாபி ரூனிக் கல்லில (பழைய ரூன் எழுத்து வெட்டின கல்) மூண்டு பேர் வருது: ஹரிவுல்ஃப், ஹாதுவுல்ஃப், ஹெருவுல்ஃப். முறையே படை-ஓநாய், போர்-ஓநாய், வாள்-ஓநாய். ஒரே குடும்பத்து ஆக்கள். போர்வீரனை வேட்டை விலங்கோட சேர்த்துப் பாக்கிறது வைக்கிங்குக்கு முன்னமே ஊறிப்போன வழக்கம். அந்தச் சூழல்ல 'கரடிச் சட்டை' எண்டு ஒரு பேர் வாறது புதுசில்லை.

#11 நெய்தல்

மிகப் பயனுள்ள விளக்கங்கள், நன்றி. காளான் விஷயத்தையும் யாராவது தொடுங்கள். ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சிவப்புக் காளானுக்கே 'பெர்செர்க் காளான்' என்றுதான் பெயர் என்று கட்டுரையாளர் சான்று காட்டுகிறார்.

#12 மூலிகைமணி

அந்தப் பெயர் சான்றாகாது. 'பெர்செர்க்யாஸ்வெப்புர்' என்பது கருதுகோள் பிறந்த பிறகு அதைப் பின்பற்றி வந்த பெயர். கருதுகோளிலிருந்து பிறந்த பெயரை எடுத்து அதே கருதுகோளுக்குச் சான்றாக வைப்பது வட்டமடிப்பது.

கருதுகோள் எப்போது பிறந்தது என்பதும் தெரியும். 1784-இல் சாமுவேல் ஓட்மான் என்ற ஸ்வீடியப் பாதிரியார், சைபீரியாவில் சிவப்புக் காளானை (அமானிட்டா மஸ்காரியா) உட்கொள்வது பற்றிய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படி இருந்திருக்கும் என்று எழுதினார். எந்தச் சாகாவிலும் பெர்செர்க் எதையும் தின்றோ குடித்தோ வெறியேறியதாக ஒரு வரி கிடையாது. சாகாக்கள் விருந்தையும் மதுவையும் விலாவாரியாகச் சொல்பவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருந்தியலும் ஒத்துவரவில்லை. 1956-இல் ஹோவர்ட் ஃபேபிங் என்ற அமெரிக்க மருத்துவர் புஃபோடெனின் என்ற பொருளை வைத்து இந்தக் கருத்துக்கு மறுஉயிர் கொடுத்தார். பிறகு 1960-களில், இந்தக் காளானில் உண்மையில் வேலை செய்பவை ஐபோடெனிக் அமிலமும் மஸ்சிமோலும் என்று தெளிவாகிவிட்டது. தின்றபின் விளைவு தொடங்க அரை மணி முதல் 2 மணி நேரம் பிடிக்கும். குமட்டல், தள்ளாட்டம், தசைத் துடிப்பு, மயக்கம், குழப்பம், கடைசியில் ஆழ்ந்த தூக்கம். ஒரே அளவு தின்ற இருவருக்கு ஒரே விளைவு வராது, ஏனென்றால் காளானுக்குக் காளான், பருவத்துக்குப் பருவம் நச்சின் அளவு மாறும். கப்பலின் முன்முனையில் கால் ஊன்றி நின்று கேடயத்தைப் பிடிக்க வேண்டியவனுக்குத் தள்ளாட்டம் என்றால் சாவுதான். எப்போது மோதல் தொடங்கும் என்று தெரியாத கடற்போரில் 2 மணி நேரம் முன்னால் எதைத் தின்பது?

2019-இல் கார்ஸ்டன் ஃபாட்டூர் என்பவர் வேறு ஒரு செடியை முன்வைத்தார்: ஹென்பேன், தமிழில் குரோசாணி ஓமம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் விதையின் செடி. வலி மரத்துப்போவது, மூர்க்கம், ஆள் அடையாளம் தெரியாமல் போவது ஆகியவை காளானைவிட இதற்குப் பொருந்தும் என்பது அவர் வாதம். டென்மார்க்கின் ஃபிர்காட் கோட்டையில் 10-ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் புதைகுழியில் இந்த விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே செடி வைக்கிங்குகளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழியில் இருந்தவள் போர்வீரர் இல்லை. மாந்திரீகம் தெரிந்தவள் என்று கருதப்படுபவள். இதிலிருந்து பெர்செர்க்குக்குப் பாலம் கட்ட எதுவும் இல்லை. அந்தச் செடியின் நச்சு வாயை உலர்த்தி, கண்மணியை விரித்து, கிட்டப் பார்வையை நாள் கணக்கில் மங்கலாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#13 தேரிமணல்

மருந்தைத் தேடி அலைவதற்குக் காரணமே 'அதீத வெறி, பிறகு முழுச் சோர்வு' என்ற சாகா விவரிப்புதான். எகில் சாகா 27-ஆம் அத்தியாயத்தில், எகிலின் பாட்டனான குவெல்டுல்ஃப் ஒரு சண்டைக்குப் பின் படுத்தே விடுகிறான். வேகம் இருக்கும்வரை இவர்களை எதுவும் தாங்காது, அது இறங்கியதும் வழக்கத்தைவிடப் பலம் குறைந்துவிடுவார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. உயிருக்குப் போராடி முடித்த எவரிடமும் காணக்கூடிய நிலைதான் இது, வேதிப்பொருள் தேவையில்லை.

இந்தப் பலவீனம் ஒரு முழுக் கதையையே நடத்துகிறது. ஐர்பிக்யா சாகா, 28-ஆம் அத்தியாயம். ஹல்லி, லெய்க்னிர் என்ற இரண்டு ஸ்வீடிய பெர்செர்கிர் ஐஸ்லாந்துக்கு வருகிறார்கள். ஹல்லி, தான் அண்டியிருக்கும் ஸ்டிர் என்பவரின் மகள் ஆஸ்டிஸைப் பெண் கேட்கிறான். மறுக்க முடியாத ஸ்டிர், ஸ்நோரி கோதி என்ற தலைவரிடம் (வரலாறு எழுதிய ஸ்நோரி அல்ல) யோசனை கேட்டுவந்து நிபந்தனை போடுகிறார்: எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக்காட்டின் ஊடே பாதை வெட்ட வேண்டும், எல்லைச் சுவர் எழுப்ப வேண்டும், ஆட்டுப்பட்டி கட்ட வேண்டும். இருவரும் வெறிகொண்டு முடிக்கிறார்கள். அதற்குள் ஸ்டிர் மண்ணைத் தோண்டி ஒரு குளியலறை கட்டி, அடுப்புக்கு மேலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றத் துளை விட்டு வைத்திருக்கிறார். களைத்து வந்தவர்களை உள்ளே அனுப்பி, கதவை அடைத்து, வாசற்படியில் பச்சை மாட்டுத்தோலை விரித்து, மேலிருந்து தண்ணீரை ஊற்றுகிறார். நீராவி தாங்காமல் கதவை உடைத்து வெளியே பாய்ந்த ஹல்லி தோலில் வழுக்கி விழுகிறான், வெட்டு விழுகிறது. லெய்க்னிரும் தப்பவில்லை. ஆஸ்டிஸை மணந்தவர் யோசனை சொன்ன ஸ்நோரி கோதி. ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் அந்தப் பாறைக்காடு இன்றும் 'பெர்செர்க்யாஹ்ராயுன்' என்றே வழங்குகிறது. அதன் ஊடே ஒரு பழைய நடைபாதையும் இருக்கிறது.

#14 ஏட்டுச்சுவடி

இங்கேதான் பொருள் மாறியதைப் பார்க்க வேண்டும். பாட்டில் அரசரின் முன்னணிப் படை. எகில் சாகா 9-ஆம் அத்தியாயத்திலும் ஹாஃப்ர்ஸ்ஃபியோர்டில் அரசர் கப்பலில் பாய்மரத்துக்கு முன்னால் காயம்படாதவர்கள் 'இரும்பு கடிக்காத' பெர்செர்கிர் மட்டுமே. ஐஸ்லாந்துக் குடும்பச் சாகாக்களில் அதே ஆள் பண்ணை பண்ணையாகப் போய், 'பெண்ணைக் கொடு, இல்லையென்றால் தனிச்சண்டைக்கு வா' என்று மிரட்டும் ரவுடி. கதாநாயகன் வந்து அவனைக் கொல்வது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. எகில் கையில் லியோட் செத்தது அப்படி.

கிரெட்டிர் சாகா 40-ஆம் அத்தியாயம் இன்னும் துல்லியம். ஸ்நைகொல் குதிரைமேல் இருந்தபடியே ஊளையிட்டு, கேடயத்தை வாய்வரை உயர்த்தி விளிம்பைக் கடிக்கிறான். கிரெட்டிர் ஓடிவந்து கேடயத்தின் அடிமுனையில் ஓங்கி உதைக்கிறான். மேல்விளிம்பு வாய்க்குள் ஏறித் தாடை கிழிந்து தொங்குகிறது. இடக்கையால் தலைக்கவசத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, வலக்கையால் தலையை வெட்டுகிறான். பயமுறுத்தச் செய்யும் சடங்கு, செய்பவன் பார்வையையும் கழுத்தையும் மறைத்துவிடுகிறது என்பதை எழுதியவர் நன்றாகவே யோசித்திருக்கிறார்.

'இரும்பு கடிக்காது' என்பதற்கும் மாற்று வைத்திருந்தார்கள். சில பெர்செர்கிர் வாளைப் பார்த்தே அதன் கூர்மையை மழுக்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. குன்லௌக் சாகாவில் லண்டனில் அரசர் ஏதெல்ரெட், குன்லௌக்கிடம் ஒரு வாளைக் கொடுத்து, சண்டையில் இதைப் பயன்படுத்து, எதிரியான பெர்செர்க்குக்குக் காட்டுவது உன் பழைய வாளாக இருக்கட்டும் என்கிறார்.

சட்டமும் இதே திசையில். ஐஸ்லாந்தின் கிராகாஸ் சட்டத் தொகுப்பில், கிறிஸ்தவச் சட்டப் பகுதியில், பெர்செர்க் நிலையில் போனால் 3 ஆண்டு நாடுகடத்தல். பக்கத்தில் இருந்த ஆண்கள் அவனைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அவர்களுக்கும் அதே தண்டனை; நிறுத்திவிட்டால் யாருக்கும் இல்லை. போர்க்களச் சட்டம் அல்ல, வீட்டிலோ கூட்டத்திலோ ஒருவனுக்கு வெறி வந்தால் என்ன செய்வது என்ற சட்டம். அதுவும் மதப் பகுதியில் இருப்பதால், அதைப் பழைய சமயத்தின் மிச்சமாகக் கண்டார்கள் என்று தெரிகிறது. நெருப்பு சுடாது என்ற பெருமையையும் மதமாற்றக் கதைகள் திருப்பிப் போட்டன: வாட்ன்ஸ்டைலா சாகாவில், கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) மந்திரித்த தீயில் நடக்கப் போன ஹௌக் என்ற பெயருடைய இரண்டு பெர்செர்கிரைத் தீ சுட்டுவிடுகிறது.

#15 பனிக்கரை

கேடயம் கடிக்கிறது ஸ்நோரி எழுதினதால வந்த கற்பனை எண்டு சிலர் சொல்லுகினம். அது சரியில்லை. ஸ்கொட்லாந்தின்ர லூயிஸ் தீவில 1831-இல எடுத்த சதுரங்கக் காய்கள் இருக்கே, வால்ரஸ் தந்தத்தில செதுக்கினது, 12-ஆம் நூற்றாண்டு, அனேகமா நோர்வேயின்ர துரொண்டைம் வேலை எண்டு சொல்லுகினம். அதில யானைக்காய் (ரூக்) எல்லாம் நிண்டுகொண்டிருக்கிற வீரர். சில பேர் கண்ணை உருட்டிக்கொண்டு, கேடயத்தின்ர மேல் விளிம்பில முன்பல்லைப் பதிச்சபடி. ஸ்நோரி பேனை பிடிக்க முன்னமே செதுக்கினது.

இங்க நோர்வேயில பேப்பரில ஆராவது மூர்க்கமா அடிச்சு நொறுக்கினா 'கிக் பெர்செர்க்' (பெர்செர்க் ஆகிப்போனான்) எண்டுதான் இப்பவும் எழுதுறது. கரடியும் இல்லை, சட்டையும் இல்லை, வெறி மட்டும்தான் மிஞ்சியிருக்கு.

#16 நெய்தல்

தமிழில் 'வெறியாட்டு வீரர்' என்று போடலாமா என்று யோசித்திருந்தேன்.

#17 வேர்த்தேடல்

வேண்டாம். வெறியாட்டு என்றால் சங்கப் பாடல் தெரிந்தவர் மனதில் வேலன் வந்து நிற்பான். முருகன் பெயரால் களம் இழைத்து, ஆடறுத்து, தலைவியின் நோய்க்குக் காரணம் சொல்பவன். போர்க்களத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'கரடித்தோல் வீரர்' என்று போட்டால் ஒரு தரப்பின் தீர்ப்பை வாசகர் தலையில் கட்டிவிடுகிறீர்கள். கட்டுரை முழுக்க 'பெர்செர்க்' என்றே எழுதுங்கள், பன்மைக்கு 'பெர்செர்க்குகள்' போதும். 'பெர்செர்க்ஸ்கங்ர்' வரும் இடத்தில் 'பெர்செர்க் வெறி' என்று போடலாம்.

அடிக்குறிப்புக்கு என் பரிந்துரை:

"பெர்செர்க்: செர்க் = சட்டை. முன்பாதி 'கரடி' என்றும் 'வெறும்' என்றும் வாசிக்கப்படுகிறது. ஹரால்ட்ஸ்க்வைதி பாடலில் ஓநாய்த்தோல் அங்கிக்காரர்களுக்கு இணையாக வருவதாலும், 'பெர்ஃப்யால்' (கரடித்தோல்) என்ற சொல் இருப்பதாலும் 'கரடித்தோல் சட்டை அணிந்தவன்' என்பதே வலுவானது. 'வெறும்' என்று கொண்டால் 'கவசமின்றிச் சட்டையோடு நிற்பவன்' என்று பொருள். நிர்வாணம் என்று ஆகாது."

#18 ஏட்டுச்சுவடி

'வலுவானது' என்ற சொல்லோடு நிறுத்தியது சரி, எனக்கு உடன்பாடே. நோரீனின் வாதம் இன்னும் முறியவில்லை, அனடோலி லிபர்மன் போன்றவர்கள் இந்த நூற்றாண்டிலும் 'வெறும்' பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

நெய்தல், இன்னொன்று: கட்டுரையில் ஹாஃப்ர்ஸ்ஃபியோர்ட் போர் 872 என்று இருந்தால் அப்படியே விடாதீர்கள். சாகாக்களில் வரும் ஆட்சி ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பிற்காலத்தவர் எட்டிய ஆண்டு அது. 1872-இல் நார்வே ஆயிரமாண்டு விழாக் கொண்டாடி ஹௌகெசுண்டில் நினைவுத்தூண் நிறுத்தியதால் பாடப்புத்தகங்களில் ஊன்றிவிட்டது. '9-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி' என்று போடுங்கள்.

#19 நெய்தல்

திருத்திவிட்டேன். 872 இரண்டு இடத்தில் இருந்தது. காளான் பத்தியில், மூலத்தில் உள்ளதை மாற்றாமல், 1784-க்கு முன் இந்தக் கருத்து இல்லை என்றும் சாகாக்களில் சான்று இல்லை என்றும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேர்த்திருக்கிறேன். தோர்ஸ்லுண்டா படத்தின் கீழ் 'பெர்செர்க்' என்று இருந்த தலைப்பை 'ஓநாய்த்தோல் அணிந்த வீரன், தோர்ஸ்லுண்டா அச்சு, 6–7-ஆம் நூற்றாண்டு' என்று மாற்றியாயிற்று.